காட்டுப் பாம்பும் கைவிடப்பட்ட பாம்பும்

மழைக்காலம் தொடங்கியதும் ஊர்ப்புறப் பள்ளிகளிலும் வனச்சரக அலுவலகங்களிலும் ஒரு கேள்வி தவறாமல் எழுகின்றது. "இது என்ன பாம்பு?" என்பதே அது. சில ஆண்டுகளாக, பெரும்பாலும் நகரங்களில், மற்றொரு கேள்வியும் அதனுடன் சேர்ந்துகொண்டுள்ளது. "இது நம் நாட்டுப் பாம்புதானா?" என்று கேட்கின்றனர். முதற் கேள்விக்கு விடை கூறும் நூல்கள் நம்மிடம் இரு நூற்றாண்டுகளாக உள்ளன. விசாகப்பட்டினத்தில் இருந்து பணியாற்றிய பாட்ரிக் ரஸ்ஸல் என்னும் மருத்துவர், சோழமண்டலக் கரையில் திரட்டிய பாம்புகளைப் பற்றிய தம் நூலை 1796-இல் வெளியிட்டார். கண்ணாடி விரியனின் ஆங்கிலப் பெயரில் இன்றும் அவர் பெயரே வழங்குகின்றது. பின்னர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பிராங்க் வால் என்னும் இராணுவ மருத்துவர் செதில்களைக் கொண்டு நச்சுப் பாம்புகளைப் பிரித்தறியும் முறையை எளிய முறையில் விளக்கினார். இரண்டாம் கேள்விக்கு விடை தேடவேண்டிய அவசியம் இவர்களுக்கு நேரவில்லை. அக்காலத்தில் வயலில் கண்ட பாம்பு அவ்வயலுக்கோ அதனையடுத்த காட்டுக்கோ உரியது என்று ஐயமின்றிக் கொள்ளலாம். இன்று அவ்வாறு கொள்ள இயலாது.

ஆப்பிரிக்காவின் மேற்குப் பகுதியைச் சேர்ந்த ஒரு மலைப்பாம்பும், வட அமெரிக்காவைச் சேர்ந்த சோளப்பாம்பும் நம் நகரங்களில் கண்ணாடிப் பெட்டிகளில் வளர்க்கப்படுகின்றன. வளர்ப்போரில் சிலர் சலித்துப்போய், அல்லது சட்டத்துக்கு அஞ்சி, அவற்றை வெளியே விட்டுவிடுகின்றனர். பெட்டியின் மூடியைச் சரிவர அடைக்காததால் தாமே வெளியேறுபவையும் உண்டு. இப்பாம்புகளைக் காண்பவர் வனக் காவலரையோ அருகிலுள்ள பள்ளி ஆசிரியரையோதான் முதலில் அழைக்கின்றனர். ஆகவே இவ்விரு சாராரும் சற்றுத் தெளிவு பெற்றிருத்தல் நலம்.

இதில் நேரக்கூடிய பிழைகள் மூன்று. அந்நிய நாட்டு மலைப்பாம்பைக் கண்ணாடி விரியன் என்று கருதி அடித்துக் கொல்லுதல் ஒன்று. கண்ணாடி விரியனை யாரோ வளர்த்துவிட்ட மலைப்பாம்பு என்று கருதிக் கையால் எடுத்தல் மற்றொன்று. முதற் பிழையால் ஒரு பாம்பு சாகும். இரண்டாவதால் மனிதன் சாவான். மூன்றாவது பிழை இரக்கத்தால் செய்யப்படுவது. பாம்பைச் சாக்கில் கட்டி, "பாவம், பிழைத்துப் போகட்டும்" என்று காட்டில் கொண்டுபோய் விடுவது. இதன் தீமை உடனே தெரிவதில்லை.

பாம்புக்கடி நம் நாட்டில் எவ்வளவு பெரிய இடர் என்பதை அறிந்தாலன்றி இரண்டாம் பிழையின் கடுமை விளங்காது. 2020-இல் வெளியான ஓர் ஆய்வு, 2000 முதல் 2019 முடிய இந்தியாவில் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என்று கணக்கிட்டுள்ளது. ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் ஆகின்றது. இறந்தோரில் கால் பங்குக்கு மேற்பட்டோர் பதினைந்து வயதுக்கு உட்பட்ட சிறுவர் சிறுமியர். பாம்புக்கடிச் சாவுகளை 2030-க்குள் பாதியாகக் குறைக்கும் நோக்குடன் மத்திய அரசாங்கம் 2024-இல் ஒரு தேசியச் செயல்திட்டத்தை வெளியிட்டது.

இனங்காணும் முறை

நம் நாட்டில் முந்நூறுக்கும் மேற்பட்ட பாம்பினங்கள் உள்ளன. அவற்றுள் மனிதனுக்குக் கேடு விளைக்கத்தக்க நஞ்சுடையவை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே. கடிச்சாவுகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்குக் காரணமாகக் கூறப்படுபவை நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்னும் நான்காகும். இந்நான்கையும், இவற்றைப் போலவே தோற்றமளிக்கும் தீங்கற்ற பாம்புகளையும் வேறுபடுத்தி அறிந்தவர், களப்பணிக்கு வேண்டிய அறிவில் பெரும்பகுதியைப் பெற்றவராவார்.

முதலில் ஒரு தவறான விதியை விலக்கவேண்டும். முக்கோணத் தலையும் பிளவு போன்ற கண்பாவையும் இருந்தால் நச்சுப் பாம்பு, இல்லையேல் நஞ்சற்றது என்று பலர் மாணவர்க்குக் கற்பிக்கின்றனர். நச்சுப் பாம்புகளிற் பெரும்பாலானவை விரியன் குலத்தைச் சேர்ந்தனவாக உள்ள வட அமெரிக்காவில் இவ்விதி ஓரளவு பயன்படும். இங்கே அது ஆளைக் கொல்லும். நல்ல பாம்பின் கண்பாவை வட்டமானது. தலையோ கழுத்தினின்று அவ்வளவாக வேறுபட்டுத் தோன்றுவதில்லை. கட்டுவிரியனின் கண் கருமணி போன்றது. அதில் பாவையைப் பிரித்தறிவதே அரிது. மாறாக, நஞ்சற்ற மண்ணுளிப் பாம்புக்கும் மலைப்பாம்புக்கும் பிளவு போன்ற கண்பாவை உண்டு. இவ்விதியை நம்புகின்றவன் கட்டுவிரியனைக் கையில் எடுப்பான். மலைப்பாம்பைக் கண்டு ஓடுவான்.

கண்ணாடி விரியனைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டியுள்ளது. மராட்டியில் கோணஸ் என்றும் வங்காளத்தில் சந்திரபோரா என்றும் வழங்கும் பாம்பு இதுவே. பழுப்பு நிற உடலின்மேல் நீள்வட்டக் கரும்புள்ளிகள் மூன்று வரிசையாகச் செல்லும். முதுகின் நடுவே ஒன்று, இருபுறமும் ஒவ்வொன்று. நடுவரிசைப் புள்ளிகள் பெரும்பாலும் ஒன்றையொன்று தொட்டுச் சங்கிலிபோல் தோன்றும். ஒவ்வொரு புள்ளிக்கும் கருமையான விளிம்பும் அதனைச் சுற்றி வெண்மையான கோடும் இருப்பதால், அச்சிட்டாற்போல் ஒழுங்காகக் காணப்படும். தலையின் மேற்புறம் முழுவதும் சிறு செதில்களால் மூடப்பட்டிருக்கும். கலைத்தால், வண்டிச் சக்கரத்திலிருந்து காற்று வெளியேறுவது போன்ற உரத்த சீற்றம் எழும். ஆனால் சீறினால்தான் விரியன் என்று கொள்ளுதல் பெரும் பிழை. குளிர்ந்த காலையில் அது அசையாமல் சுருண்டு கிடக்கும். மலைப்பாம்புக் குட்டியைப் போலவே இருக்கும். கண்ணாடி விரியனின் படத்தைக் காட்டி இது எதுவெனக் கேட்டால், "மலைப்பாம்பு" என்று நம்பிக்கையுடன் கூறும் பெரியவர்களைப் பயிற்சி வகுப்புகளில் எத்தனையோ முறை கண்டிருக்கின்றோம்.

இந்திய மலைப்பாம்பின் உடலிலும் பழுப்புத் திட்டுகள் உண்டு. ஆயினும் அவை ஒழுங்கற்றவை, பெரியவை, சதுரமும் நீள்சதுரமுமாகச் சிதறிக் கிடப்பவை. தலையின்மேல் ஈட்டிமுனை போன்ற ஒரு குறி முன்னோக்கி அமைந்திருக்கும். செதில்கள் வழவழப்பானவை. மண்ணுளியில் ஒரு வகை, தடித்த குட்டையான உடலும் முதுகில் ஒழுங்கின்றி ஒன்றோடொன்று கலந்த கருந்திட்டுகளும் கொண்டு விரியனை ஒத்திருக்கும். அதன் வால் மிகக் குட்டையாக இருப்பதும், தலை கழுத்தினின்று பிரியாமல் தொடர்ந்து செல்வதும் வேறுபாடு. இறந்துபோன பாம்பு கிடைத்தால் ஐயந்தீர ஒரு வழி உண்டு. மலைப்பாம்பு, மண்ணுளி ஆகியவற்றின் வயிற்றுத் தகடுகள் குறுகியவை. வயிற்றின் அகலம் முழுவதையும் அவை மூடுவதில்லை. தகட்டின் இருபுறமும் சிறு செதில்கள் தெரியும். விரியனின் வயிற்றுத் தகடுகளோ ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை செல்பவை. இறந்த பாம்பாயினும் தலைப்பக்கம் கையை வைக்கலாகாது. வெட்டுண்ட தலையும் சில மணி நேரம் வரை கடிக்கும் ஆற்றலுடையது.

வடநாட்டில் கரைத் எனப்படும் கட்டுவிரியன் இரவில் நடமாடுவது. கருநீலமான பளபளப்பான உடலில் மெல்லிய வெண்பட்டைகள் இரண்டிரண்டாக அமைந்திருக்கும். தலையை அடுத்த பகுதியில் இவை மங்கலாகவோ இல்லாமலோ இருக்கும். வால்பக்கம் செல்லச் செல்லத் தெளிவுபடும். வீட்டுச் சுவர்களில் ஏறித் திரியும் நஞ்சற்ற வெள்ளிக்கோல் வரையனுக்கு இது நேர்மாறு. அதன் பட்டைகள் கழுத்தருகே அகன்று தெளிவாக இருந்து, வாலை நோக்கி மறைந்துபோகும். இறந்த பாம்பில் முதுகின் நடுக்கோட்டைப் பார்த்தால் மேலும் உறுதி கிட்டும். கட்டுவிரியனுக்கு அவ்வரிசைச் செதில்கள் மட்டும் பெரிதாகவும் அறுகோணமாகவும் இருக்கும்; வாலின் அடித்தகடுகளும் பிளவுபடாமல் ஒற்றையாக இருக்கும். பகலில் இப்பாம்பு மிகவும் மந்தமானது. தொட்டாலும் கடிக்காமல், சுருளுக்கடியில் தலையை மறைத்துக்கொள்ளும். பிள்ளைகள் அதனைக் குச்சியால் புரட்டி விளையாடுவதும் இதனாலேயே. அதே பாம்பு இரவில் தரையில் உறங்குபவரைக் கடிக்கின்றது. கடித்த இடத்தில் வீக்கமோ வலியோ பெரும்பாலும் தோன்றுவதில்லை.

மற்ற இரண்டையும் சுருக்கமாகக் கூறலாம். நல்ல பாம்பு படம் விரித்தால் ஐயமில்லை. விரிக்காதபோது சாரைப் பாம்போடு மயங்கும். சாரைக்குக் கண் பெரிது; உதட்டுச் செதில்களின் ஓரங்களில் கருங்கோடுகள் நிற்கும். படத்தின்மேல் குறியில்லாத நல்ல பாம்புகளும் உண்டென்பதை மறக்கலாகாது. சுருட்டை விரியன் சிறியது, சொரசொரப்பானது, உடற்சுருள்களை ஒன்றோடொன்று உரசி இரம்பம் அறுப்பது போன்ற ஒலி எழுப்பும். தலையின்மேல் பறவையின் காலடி போன்ற வெளிறிய குறி இருக்கும். அதனோடு மயங்குவது பூனைப் பாம்பு. இது மெலிந்தது, செதில்கள் வழவழப்பானவை, தலையில் பெரிய தகடுகள் அமைந்தவை.

அந்நியப் பாம்புகள்

இனி, வளர்ப்புப் பெட்டியிலிருந்து வருபவற்றைப் பார்ப்போம். மிகுதியாகக் கைமாறுவது மேற்கு ஆப்பிரிக்காவின் சிறு மலைப்பாம்பாகும். அச்சமுற்றால் தலையை உள்ளே வைத்துப் பந்துபோல் சுருண்டுகொள்வதால், இதனைப் பந்து மலைப்பாம்பு எனலாம். முழு வளர்ச்சியில் ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் நீளமே இருக்கும். தடித்த உடல், குறுகிய கழுத்து, பழுப்புத் திட்டுகள் ஆகியவற்றால் இது விரியனாகவோ நம் மலைப்பாம்பின் குட்டியாகவோ தோன்றும். இவ்விடத்தில் நினைவிற் கொள்ளத்தக்க வேறுபாடு ஒன்றுண்டு. கண்ணாடி விரியனில் வெளிறிய தளத்தின்மேல் கரும்புள்ளிகள் அமைந்துள்ளன. பந்து மலைப்பாம்பில் கருந்தளத்தின்மேல் வெளிறிய திட்டுகள் அமைந்துள்ளன. அத்திட்டுகளுக்குள்ளே ஒன்றிரண்டு கரும்பொட்டுகளும் காணப்படும். மேலும், அதன் மேலுதட்டில் வெப்பத்தை உணரும் குழிகள் வரிசையாக உள்ளன. தெளிவான புகைப்படத்தில் அவற்றைக் காணலாம்.

இவ்வடையாளங்கள் இயற்கை நிறமுடைய பாம்புக்கே பொருந்தும். வணிகர்கள் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்வித்ததால் வெள்ளை, மஞ்சள், செம்பழுப்பு எனப் பல நிறங்களில் இவை விற்கப்படுகின்றன. எந்நூலிலும் காணப்படாத நிறமுடைய பாம்பு நகரக் குடியிருப்பில் அகப்பட்டால், அது வளர்க்கப்பட்டது என்று ஐயுறுவது நியாயமே. ஆனால் நம் நாட்டு நல்ல பாம்பிலும் விரியனிலும் வெண்ணிறக் குட்டிகள் அபூர்வமாகப் பிறப்பதுண்டு. சாதுவாக இருப்பதும் வளர்ப்புப் பாம்புக்கு அடையாளமாகாது. பகற்கட்டுவிரியனின் சாதுத் தன்மையை மேலே கண்டோம். ஆகவே நிறத்தையும் குணத்தையும் கொண்டு ஐயுறலாமேயன்றி முடிவு செய்யலாகாது. ஐயம் தீரும்வரை எப்பாம்பையும் நச்சுப் பாம்பாகவே நடத்தவேண்டும்.

வட அமெரிக்கச் சோளப்பாம்பு மெலிந்தது. செம்மஞ்சள் உடலில் கருவிளிம்புடைய செந்நிறத் திட்டுகளும், வயிற்றில் சதுரங்கப் பலகை போன்ற கறுப்பு வெள்ளைக் கட்டங்களும் கொண்டது. நஞ்சற்றது. இவையன்றி இன்னும் பெரிய பாம்புகளும் கடத்தி வரப்படுகின்றன. 2024 ஏப்ரலில் பாங்காக்கிலிருந்து பெங்களூரு விமான நிலையத்தில் வந்திறங்கிய பயணி ஒருவரின் பெட்டியில் பத்து மஞ்சள் அனகொண்டாக்களைச் சுங்க அதிகாரிகள் கைப்பற்றினர். தென் அமெரிக்கச் சதுப்பு நிலங்களில் வாழும் பாம்பு அது.

இவற்றை ஏன் கைவிடுகின்றனர் என்பதும் அறியத்தக்கதே. வாங்கும்போது பாம்பு ஒரு சாண் சுருளில் அடங்கும். பந்து மலைப்பாம்பு கூட்டில் இருபது ஆண்டுகளுக்கு மேலும் உயிர்வாழக்கூடியது. அத்தனை காலமும் எலி கொடுக்கவேண்டும்; வட இந்தியக் குளிர்காலத்தில் பெட்டியை வெதுவெதுப்பாக வைக்கவேண்டும்; நோயுற்றால் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரைத் தேடவேண்டும். வாங்கியவர் கல்லூரிப் படிப்பை முடித்து வேற்றூருக்குச் செல்லும்போது பாம்பைப் பெற்றோர் ஏற்பதில்லை. இவற்றுடன் சட்டமும் சேர்ந்துள்ளது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2022-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, அருகிவரும் உயிரினங்களின் வணிகம் பற்றிய பன்னாட்டு உடன்படிக்கையின் பட்டியல்களில் உள்ள அந்நிய விலங்கை வைத்திருப்பவர் அதனைப் பதிவு செய்தாக வேண்டும். இதற்கான விதிகள் 2024-இல் வெளியாயின. மலைப்பாம்புகள் யாவும் அப்பட்டியல்களில் உள்ளன, சோளப்பாம்பு இல்லை. நம் நாட்டு மலைப்பாம்பையும் நல்ல பாம்பையும் வீட்டில் வளர்த்தல் முன்னரே குற்றம். பதிவு செய்ய இயலாதவர்களுள் சிலர் இரவோடிரவாகப் பாம்பை ஏரிக்கரையில் விட்டுவிடுகின்றனர் என்றால் வியப்பில்லை.

கைவிடப்படும் பாம்பு என்பது முற்றிலும் புதிய செய்தியுமன்று. நாகபஞ்சமியை ஒட்டி மகுடிக்காரர்கள் பிடித்து வைத்திருந்த நல்ல பாம்புகள் விழா முடிந்தபின் வயல்வெளியில் விடப்படுவது நெடுங்கால வழக்கம். பல்லைப் பிடுங்கியும் வாயைத் தைத்தும் வைத்திருந்த அப்பாம்புகள் வாய் அழுகியும் பட்டினியாலும் பெரும்பாலும் மடிந்துபோகும். பிழைத்தவற்றுக்கு நச்சுப்பல் மீண்டும் முளைக்கும். "பல் பிடுங்கிய பாம்பு" என்று கேள்விப்பட்டு ஒருவன் அதனைத் தொடுவானாயின் விளைவு எதுவாகும் என்று கூறத் தேவையில்லை.

காட்டில் விடுதல்

பிடித்த பாம்பைக் காட்டில் விடுவது புண்ணியம் என்னும் எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. நம் ஊர்ப் பாம்பை, பிடித்த இடத்துக்கு அருகிலேயே விடுவது சரி. அந்நியப் பாம்பை விடுவது வேறு. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், எவர்கிளேட்ஸ் என்னும் பெரும் சதுப்பு நிலத்தில் நிகழ்ந்தது இதற்குச் சான்று. பர்மிய மலைப்பாம்பு நம் வடகிழக்கு மாநிலங்களிலும் வாழும் இனம். இங்கே அது சட்டத்தின் முழுப் பாதுகாப்புப் பெற்றது. வளர்ப்புக்காக அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட இப்பாம்புகள் தப்பியும் விடப்பட்டும் அச்சதுப்பு நிலத்தில் பெருகிவிட்டன. 2012-இல் வெளியான ஆய்வொன்றில், சாலைவழியே எண்ணப்பட்ட ரக்கூன் என்னும் விலங்கின் தொகை அங்கே 99 விழுக்காட்டுக்கு மேல் குறைந்துவிட்டதாகக் கண்டனர். பாம்புகளைத் தேடிப் பிடிக்க 2017-இல் தமிழ்நாட்டிலிருந்து மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இருளர்கள் இருவர் அழைத்துச் செல்லப்பட்டனர். வேட்டை நாய்களும் கருவிகளும் காணத் தவறிய பாம்புகளை அவர்கள் தடம் பார்த்தே பிடித்தனர். இவ்விருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

இதைவிடச் சிறிய பாம்பும் கேடு விளைக்கும். ஸ்பெயின் நாட்டுக்குரிய கிரான் கனாரியா தீவில், வீடுகளில் வளர்க்கப்பட்ட கலிபோர்னியப் பாம்பு ஒன்று காட்டில் பெருகி, அத்தீவுக்கே உரிய பெரும் பல்லியைப் பல இடங்களில் ஏறத்தாழ ஒழித்துவிட்டது. கடிக்காத, கையில் தவழும், பிள்ளைகளுக்கு ஏற்றது என்று விற்கப்பட்ட பாம்பு அது.

நம் நாட்டுக்கு இதில் தனிப்பட்ட கவலை இரண்டு உண்டு. பர்மிய மலைப்பாம்பும் இந்திய மலைப்பாம்பும் நெருங்கிய உறவின. கலந்து இனம் பெருக்கக்கூடியவை. புளோரிடாவில் பிடிபட்ட பாம்புகள் சிலவற்றில் இந்திய மலைப்பாம்பின் மரபுக்கூறுகள் இருப்பதை 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது. கடையில் வாங்கிய பர்மிய மலைப்பாம்பைத் தக்காணத்துக் காட்டில் விட்டால், அங்கே நெடுங்காலமாக வாழ்ந்துவரும் இனம் கலப்புறும். பின்னர் அதனைப் பிரித்தெடுக்க இயலாது. அடுத்தது நோய். ஆசியாவைச் சேர்ந்த ஒரு நுரையீரல் ஒட்டுண்ணி பர்மிய மலைப்பாம்புகளுடன் புளோரிடாவுக்குச் சென்று, அங்குள்ள உள்நாட்டுப் பாம்புகளைப் பற்றியுள்ளது. பல நாடுகளின் பாம்புகளை ஒரே அறையில் அடைத்து விற்கும் வணிகத்தில் எந்நோய் எதிலிருந்து எதற்குத் தாவும் என்று யாரும் சொல்ல இயலாது. பாம்பு பார்வைக்கு நலமாக இருப்பது சான்றாகாது.

அழைப்பு வந்தபோது

பாம்பைக் கண்ட செய்தி கிடைத்ததும் முதற்பணி மக்களை விலக்குதலும், யாராவது ஒருவர் தொலைவில் நின்று அதன்மேல் கண் வைத்திருத்தலும் ஆகும். இன்று ஊர்தோறும் கைத்தொலைபேசி உள்ளது. குறைந்தது இரண்டு பாம்பு நீளம் தள்ளி நின்று, தலை, நடுவுடல், வால் ஆகிய மூன்றும் தெரியுமாறு படம் எடுத்தால் போதும். அறிந்தவர் ஒருவர் நூறு கல்லுக்கு அப்பாலிருந்தே இனத்தைச் சொல்லிவிடுவார். படம் எடுப்பதற்காகப் பாம்பைத் திருப்புதல் கூடாது. பிடிப்பது வன இலாகாவினரும் அவர்களிடம் பயிற்சியும் அனுமதியும் பெற்றோரும் செய்யும் வேலை. ஆசிரியர் அதனைச் செய்துகாட்ட முற்படவேண்டாம். மாணவர் மறுநாளே அதைத் தாமும் செய்து பார்ப்பர்.

யாரையேனும் கடித்திருந்தால் இனங்காணும் ஆராய்ச்சிக்கு அங்கே இடமில்லை. கடிபட்ட உறுப்பை அசைக்காமல், கயிறு கட்டாமல், கீறாமல், உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். மருத்துவர் அறிகுறிகளைக் கொண்டே மருந்தளிப்பார். பாம்பை அடித்து எடுத்துச் செல்லவேண்டியதில்லை. நம் நாட்டில் வழங்கும் நச்சு முறிமருந்து மேற்கூறிய நான்கு பாம்புகளின் நஞ்சைக் கொண்டு செய்யப்படுவது. அந்நிய நச்சுப் பாம்பை ஒருவர் வீட்டில் வளர்த்து, அது கடித்தால், அதற்கேற்ற மருந்து இங்கே கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அத்தகைய வீட்டில் கடிபட்டவர் வந்தால், வளர்த்தது எதுவென்பதை மறைக்காமல் மருத்துவரிடம் கூறும்படி உறவினரை வற்புறுத்துதல் வேண்டும்.

பிடிபட்டது அந்நியப் பாம்பு என்ற ஐயம் எழுந்தால், கண்ட இடம், நாள், நேரம், அருகிலுள்ள குடியிருப்பு, உடலில் பழைய புண் அல்லது உரியாமல் ஒட்டிய சட்டை உண்டா என்பன குறித்துவைக்கப்பட வேண்டும். ஒரே பகுதியில் சில மாத இடைவெளியில் இரண்டாவது பாம்பு அகப்படுமானால் அக்குறிப்பே முதல் எச்சரிக்கையாகும். மாவட்ட வன அலுவலரிடம் ஒப்படைக்கும்வரை அப்பாம்பைத் தனிப் பெட்டியில் வைத்திருத்தல் வேண்டும். அன்றே வேறொரு வீட்டில் பிடித்த சாரையையோ நல்ல பாம்பையோ அதனுடன் வைக்கலாகாது. அதற்குப் பயன்படுத்திய பையையும் கொக்கியையும் கழுவி உலர்த்தாமல் அடுத்த பாம்புக்குப் பயன்படுத்தலாகாது. பிடித்த நாட்டுப் பாம்பு மறுநாள் தன் வயலுக்குத் திரும்பிச் செல்லவிருப்பது.